இரண்டாம் மொழி எங்கே கற்கப்படுகிறது? உரையாடல் ஆய்வுகள் காட்டும் பாதை

டென்மார்க்கில் பாலாடைக்கட்டி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் மேலாளரும், அதை வாங்கும் வெளிநாட்டு மொத்த வியாபாரி ஒருவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கிறது. இருவருக்குமே அது தாய்மொழி அல்ல. சுங்கத்தில் கட்டி ‘ப்ளோயிங்’ ஆகிறது, ஆகவே சரக்கை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்கிறார் வியாபாரி. மேலாளருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. ஆனாலும் ‘சரி, ஆமாம்’ என்று சொல்லிப் பேச்சைப் போகவிடுகிறார். ‘இப்போது ஆர்டரை என்ன செய்வது?’ என்ற கேள்வி வந்த பிறகுதான் அவருக்கு வேறு வழியில்லாமல் போகிறது. தயங்கித் தயங்கி, அந்தச் சொல்லின் பொருள் என்ன, கட்டி பெரிதாகிவிட்டதா என்று கேட்கிறார். சுங்கக் குளிர்கிடங்கில் புளித்துக் கெட்டுவிட்டது என்று விளக்கம் வருகிறது. கெட்டுப்போனதற்குத் தனக்குத் தெரிந்த வேறோர் ஆங்கிலத் தொடரை மேலாளர் சொல்லிப் பார்க்கிறார். வியாபாரி அதே தொடரைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறார். வியாபாரப் பேச்சு மேலே போகிறது.

ஆலன் ஃபர்த் என்ற ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள பதிவு இது. இலக்கணத் தேர்வு வைத்தால் இருவருக்கும் எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று தெரியாது. ஆனால் புரியாததை எப்போது கண்டும் காணாமல் விடலாம், எந்த இடத்தில் விட்டால் காசு நஷ்டமாகும், கேட்பதானால் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் இருவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு புதுச் சொல்லின் பொருளும் போகிற போக்கில் கைமாறிவிட்டது. இது மொழி கற்றலா, இல்லை வெறும் வியாபாரமா? கடந்த முப்பது ஆண்டுகளாக இரண்டாம் மொழி ஆய்வுத் துறை சுற்றிச் சுற்றி விவாதித்துவரும் கேள்வி இதுதான்.

தொடக்கத்தில் இந்தத் துறையின் பார்வை முழுக்கக் கற்பவரின் தலைக்குள் இருந்தது. 1967இல் பிட் கார்டர், மாணவர் செய்யும் பிழை கவனக்குறைவால் வருவதல்ல, அவர் மனத்தில் உருவாகிவரும் விதிகளின் தடயம் என்று எழுதினார். 1972இல் லாரி செலிங்கர், கற்பவரின் தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் நடுவே தனக்கெனச் சொந்த இலக்கணம் கொண்ட ஓர் இடைமொழி இருப்பதாகச் சொன்னார். இரண்டும் பெரிய முன்னேற்றங்கள். பிழை செய்த பிள்ளையைத் தண்டிப்பதற்கு இருந்த அறிவுசார் நியாயத்தை அவை அடியோடு பறித்துவிட்டன. ஆனால் இரு ஆய்வுப் போக்குகளிலும் எதிரே உட்கார்ந்து பேசுபவர் என்று ஒருவர் இல்லை. வாக்கியம் இருந்தது, அது யாருக்கு, எதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பது பதிவாகவில்லை.

அந்த இன்னொருவரை உள்ளே கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஈவ்லின் ஹாட்ச். முதலில் இலக்கணத்தைக் கற்று, பிறகு அதை வைத்துப் பேசுகிறோம் என்ற வழக்கமான எண்ணத்தை 1978இல் அவர் தலைகீழாக்கினார். முதலில் எப்படியோ பேச்சில் இறங்குகிறோம், அந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து இலக்கணம் கிளைக்கிறது என்றார். சிறு பிள்ளை ஒரு சொல்லைச் சொல்கிறது, பெரியவர் ‘எது?’ என்கிறார், பிள்ளை இன்னொரு சொல்லைச் சேர்க்கிறது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிய வாக்கியம் பின்னால் ஒருவரின் வாக்கியமாகிறது. என் பார்வையில் இத்துறையின் மிக வளமான கருத்து இதுதான். அது பேசப்பட்ட அளவுக்கு உடனே ஆராயப்படவில்லை.

ஆராயப்பட்டது அதன் ஒரு பகுதி மட்டும். புரியும்படியான பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாலே மொழி வந்துவிடும் என்று ஸ்டீபன் கிராஷென் வாதிட்டார். கேட்பது போதாது, புரியாத இடத்தில் தடுத்து நிறுத்திப் பொருளைப் பேசித் தீர்த்துக்கொள்ளும்போதுதான் கற்றல் நடக்கிறது என்றார் மைக்கேல் லாங். கனடாவில் பிரெஞ்சு வழியாகவே எல்லாப் பாடங்களையும் படித்த ஆங்கிலக் குழந்தைகளைக் கவனித்த மெரில் ஸ்வெயின், ஆண்டுக்கணக்கில் கேட்டும் அவர்களுடைய பிரெஞ்சு இலக்கணம் தடுமாறுவதைக் கண்டு, கற்பவர் தாமே பேசும்படி நெருக்கப்பட வேண்டும் என்று 1985இல் எழுதினார். மூவரும் உரையாடலைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் எத்தனை முறை விளக்கம் கேட்டார்கள், எத்தனை முறை திரும்பச் சொன்னார்கள் என்று எண்ணுவதே முறையாக இருந்தது. எண்ணிக்கைக்குள் உரையாடல் காணாமல் போனது.

உரையாடலையே பொருளாக வைத்து ஆராயும் மரபு இந்த நேரத்தில் வேறொரு துறையில், சமூகவியலில் வளர்ந்துகொண்டிருந்தது. 1960களில் ஹார்வி சாக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைக் கேட்கத் தொடங்கினார். ஓர் அழைப்பில் ஊழியர் தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்கிறார். வழக்கமாக இந்த இடத்தில் மறுமுனையும் தன் பெயரைச் சொல்லும். இவரோ ‘நீங்கள் சொன்னது கேட்கவில்லை’ என்கிறார். ஊழியர் மறுபடி சொல்கிறார், அவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்கிறார், அதற்குள் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் கடந்துபோய்விடுகிறது. பெயரைச் சொல்ல மறுக்காமலேயே சொல்லாமல் தப்பிவிட்டார். ஒழுங்கற்றது என்று மொழியியலாளர்கள் ஒதுக்கிவைத்திருந்த அன்றாடப் பேச்சில், இடத்துக்கு இடம் இவ்வளவு நுணுக்கமான ஒழுங்கு இருக்கிறது என்பதைச் சாக்ஸ் கண்டுகொண்டது இப்படித்தான்.

அவரும் இமானுவேல் ஷெக்லாஃபும் கெயில் ஜெஃபர்சனும் சேர்ந்து 1974இல் எழுதிய கட்டுரை, பேச்சு முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படி மாறுகிறது என்பதற்கான விதிகளைத் தந்தது. 1975இல் சாக்ஸ் கார் விபத்தில் இறந்தார். மூவர் பெயரிலும் 1977இல் வந்த இன்னொரு கட்டுரை பேச்சுப் பிழையைச் சரிசெய்யும் முறையைப் பற்றியது. தவறிச் சொன்னவரே தன்னைத் திருத்திக்கொள்ள முதல் வாய்ப்பு தரப்படுகிறது. பிறர் நேரடியாகத் திருத்துவது அரிது என்று அது காட்டியது. பேச்சை எழுத்தில் இறக்க ஜெஃபர்சன் வகுத்த குறியீடுகள் இன்றும் உலகெங்கும் புழங்குகின்றன. பத்தில் ஒரு நொடி மௌனமும், இழுத்துச் சொன்ன உயிரெழுத்தும், உள்ளிழுத்த மூச்சும், இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடமும் தாளில் தெரியும்.

அந்தப் பத்தில் ஒரு நொடிகள்தாம் இரண்டாம் மொழி பேசுபவரின் பெரும்பாடு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடி அளவில்தான் இருக்கிறது என்று கண்டது. ஒரே ஒரு சொல்லைத் தேடி எடுத்து உச்சரிக்கவே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லி நொடி பிடிக்கிறது. அதாவது எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நம் பதில் தயாராகத் தொடங்கியிருக்க வேண்டும். தாய்மொழியில் இது தானாக நடக்கிறது. புது மொழியில், கேட்டதைப் புரிந்துகொள்வதற்குள்ளேயே நேரம் போய்விடும். வாயைத் திறக்கும்போது பேச்சு வேறொருவரிடம் போயிருக்கும். ‘எல்லாம் தெரியும், ஆனா பேச வராது’ என்று நம்மூரில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அவர்களிடம் சொற்கள் இருக்கின்றன. பேச்சில் தன் முறையைப் பிடிக்கும் பழக்கம் இல்லை.

1997இல் ‘மாடர்ன் லாங்க்வேஜ் ஜர்னல்’ இதழில் ஃபர்த்தும் யோஹனஸ் வாக்னரும் எழுதிய கட்டுரை இந்த இரண்டு மரபுகளையும் மோதவைத்தது. ஏன் எப்போதும் ‘கற்பவர்’, ‘தாய்மொழியாளர்’ என்று பிரித்து, முன்னவரைக் குறையுள்ளவராகவே பார்க்கிறீர்கள்? பாலாடைக்கட்டி மேலாளர் அந்த நேரத்தில் கற்பவரா, வியாபாரியா? வாழ்க்கையில் அவர் யாராக நடந்துகொள்கிறாரோ அப்படியே அவரைப் பாருங்கள் என்பது அவர்களின் வாதம். அதே இதழிலேயே மறுப்புகளும் வந்தன. மொழியைப் பயன்படுத்துவது ஒன்று, கற்பது வேறொன்று. ஒரு பேச்சு வெற்றிகரமாக முடிந்தது என்பதால் யாராவது எதையாவது கற்றார்கள் என்று ஆகிவிடாது என்று லாங் சொன்னார். உரையாடல் பகுப்பாய்வை ஆதரிப்பவரான கேப்ரியல் காஸ்பரும், ‘கற்றல்’ எங்கே என்று கேட்டார்.

பார்வை குறித்து ஃபர்த்தும் வாக்னரும் சொன்னது சரி. நிரூபணம் குறித்து அவர்களை மறுத்தவர்கள் சொன்னதும் சரி. ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சில் கற்றலைக் காட்ட முடியாது. ஒரே ஆளை மாதக்கணக்கில், ஒரே வகையான சந்தர்ப்பத்தில் பின்தொடர வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்த நல்ல ஆய்வுகள் இந்த அறைகூவலுக்குப் பதிலாகவே பிறந்தன.

அவற்றில் என்னை மிகவும் கவர்ந்தவை, சுவிட்சர்லாந்தில் சிமோனா பெகரெக் டோலரும் அவருடைய குழுவினரும் செய்தவை. ஜெர்மன் பேசும் இளம்பெண் ஒருவர், பிரெஞ்சு பேசும் குடும்பத்தோடு தங்கி அவர்களுடைய குழந்தைகளைக் கவனித்துக்கொள்கிறார். வீட்டில் நடக்கும் பேச்சு மாதக்கணக்கில் பதிவாகிறது. ஆரம்பத்தில் சொல் கிடைக்காதபோது, ‘எப்படிச் சொல்வார்கள்?’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரைச் சொல்லி, எதிரே இருப்பவரிடம் உதவி கேட்கிறார்; அவர்கள் சொல்லைத் தருகிறார்கள்; பேச்சு ஒரு கணம் பாடமாக மாறி மறுபடி பேச்சாகிறது. மாதங்கள் போகப் போக அதே தொடர் வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. அதை வேகமாக, குரல் தாழ்த்திச் சொல்கிறார். இப்போது அது உதவி கேட்கும் கேள்வியாக இல்லை. ‘கொஞ்சம் பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை’ என்று பேச்சைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் கருவியாகிவிட்டது. நாம் ‘வந்து…’, ‘அது என்ன…’ என்று இழுப்பதைப் போல. தொடர் மாறவில்லை, இலக்கணம் மாறவில்லை, எந்தத் தேர்விலும் இந்த வளர்ச்சி அகப்படாது. ஆனால் அந்தப் பெண் பிரெஞ்சு பேசுபவராக ஆகிவிட்டார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இருக்க முடியாது. கூடவே அந்த வீட்டில் அவருடைய இடமும் மாறியது. குடும்பத்தினர் அவருக்குச் சொல் எடுத்துக்கொடுப்பவர்களாக இருந்த நிலை மெல்ல மங்கியது.

இதே குழுவினர் பள்ளி மாணவர்களின் பேச்சில் கருத்து மறுப்பையும் ஆராய்ந்தார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகள் பிரெஞ்சில் மறுக்கும்போது எடுத்த எடுப்பில் ‘இல்லை’ என்கிறார்கள். மேல்வகுப்பினர் முதலில் ‘ஆமாம், ஆனால்…’ என்று ஒப்புக்கொண்டு, பிறகு மறுக்கிறார்கள். தாய்மொழியில் இந்த நயம் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கும் கைவந்ததுதான். புது மொழியில் அதை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. முரட்டுத்தனமாகப் பேசுகிறார் என்று நாம் முத்திரை குத்தும் வெளியூர்க்காரர் பலர் உண்மையில் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில், குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்புகள் 2001 முதல் 2005 வரை பல கேமராக்கள் வைத்துப் பதிவு செய்யப்பட்டன. ஜான் ஹெல்லர்மன் அதில் பார்த்தது, இருவராகச் சேர்ந்து செய்யும் பயிற்சியை மாணவர்கள் எப்படித் தொடங்குகிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்பதை. பாடத்தைவிடப் பாடத்தின் ஓரங்களில்தான் அதிகம் கற்கப்படுகிறது என்று அந்தப் பதிவுகள் எண்ண வைக்கின்றன.

வகுப்பறை என்று வந்தால் சொல்ல நிறைய இருக்கிறது. ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் மதிப்பிடுவார் என்ற மூன்றடிச் சுழற்சியைச் சின்கிளேரும் கூல்ட்ஹார்டும் 1975இலேயே விவரித்துவிட்டார்கள். இதில் மாணவருக்குக் கிடைப்பது நடு இடம் மட்டும். பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும் திசைதிருப்பவும் அவருக்கு வாய்ப்பே இல்லை. கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பது சுமார் ஒரு நொடிதான் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன என்றும் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரண்டாம் மொழி வகுப்புக்கு இது இருமடங்கு பொருந்தும்.

திருத்தும் முறை பற்றி லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளில் செய்த ஆய்வு பிரபலமானது. மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாக மாற்றித் தாமே சொல்லிவிடுவது மொத்தத் திருத்தங்களில் 55 சதவீதம். ஆனால் அவற்றில் 31 சதவீதத்துக்கே மாணவரிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. ‘இன்னொரு தடவை சொல்லிப் பார்’ என்பது போலப் பதிலை மாணவரிடமிருந்தே வரவழைத்த இடங்களிலெல்லாம் எதிர்வினை வந்தது. காரணம் உரையாடலின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் சொன்னதை ஒருவர் திருப்பிச் சொன்னால், ஒப்புக்கொள்கிறார் என்றுதான் அன்றாடப் பேச்சில் பொருள். மாணவரும் அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய ஆங்கிலப் பயிற்றுத் திட்டம், இலக்கண வரிசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துத் தீர்க்க வேண்டிய சிக்கல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. செயல்வழி மொழிக் கல்வி பற்றிய உலக விவாதத்தில் இன்றும் தவறாமல் குறிப்பிடப்படும் திட்டம் அது. பிரபு மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிடுவதைவிட ஆசிரியருடன் பேச வைப்பதையே விரும்பினார். அந்த ஒரு விஷயத்தில் பிற்கால உரையாடல் ஆய்வுகள் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன என்று நினைக்கிறேன். ஆனால் கருத்து முதலில், வடிவம் பின்னால் என்ற அவருடைய துணிச்சல் நம் பள்ளிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வகுப்புக்கு வெளியே நிலைமை எளிது என்று நினைக்க வேண்டாம். ரெய்க்யவிக் நகரில் ஐஸ்லாந்து மொழி படிப்பவர் கடையில் அந்த மொழியில் கேட்டால், கடைக்காரர் உதவுவதாக எண்ணி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். கற்பவரின் வாய்ப்பு அங்கேயே முடிந்தது. குட்ரூன் தியோடோர்ஸ்டோட்டிர் அத்தகைய பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து, நகரின் கடைகளையும் உணவகங்களையும் சேர்த்துக்கொண்டு ‘ஐஸ்லாந்துமொழிக் கிராமம்’ என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். அங்கே மாணவர் எவ்வளவு தடுமாறினாலும் ஊழியர் ஐஸ்லாந்து மொழியிலேயே பொறுமையாகப் பேசுவார். ஆய்வு நேரடியாகத் தெருவுக்கு இறங்கிய அரிய சந்தர்ப்பம் இது.

எதிரே இருப்பவரின் பொறுமையின்மை எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஜான் கம்பர்ஸ் 1982இல் எழுதிய சம்பவம் சான்று. பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில், ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று புகார். கேட்டுப் பார்த்தால் பிரச்சினை ஒரே சொல்லின் தொனியில் இருந்தது. இறைச்சி வாங்குபவரிடம் ‘கிரேவி’ வேண்டுமா என்று கேட்க, ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் குரல் ஏற்றிச் சொல்வார்கள். இந்தப் பெண்கள் குரலை இறக்கிச் சொன்னார்கள். அவர்கள் வழக்கில் அதுவே சாதாரணக் கேள்வி. கேட்டவர்கள் காதில் ‘இதோ கிரேவி, எடுத்துக்கொள்’ என்று விழுந்தது. பதிவைப் போட்டுக் காட்டிய பிறகே, தங்கள்மீது ஏன் வெறுப்புக் காட்டப்பட்டது என்று அந்தப் பெண்களுக்கும், தாங்கள் என்ன தவறாகக் கேட்டோம் என்று மேற்பார்வையாளர்களுக்கும் புரிந்தது.

இந்த ஆய்வுமுறைக்கு எல்லை உண்டு. ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் எழுதிய ஆய்வில், ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவர் வருகிறார். கலகலப்பானவர், ஆங்கிலத்தில் யாருடனும் பழகக்கூடியவர். மூன்று ஆண்டுக்குப் பிறகும் அவருடைய ஆங்கில இலக்கணம் அநேகமாக இருந்த இடத்திலேயே நின்றது. பேச்சு நடந்துகொண்டே இருந்தது, யாரும் திருத்தவில்லை, திருத்தாமலே வேலையும் முடிந்தது. 1977இல் சாக்ஸ் குழுவினர் கண்ட அதே நாகரிகம்தான், பிறரைத் திருத்தாமல் விடும் நாகரிகம்தான், அவருக்குக் கற்கும் வாய்ப்பை மறைத்தது. ஆகவே உரையாடல் போதும், வகுப்பு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத்து, வாசிப்பு, கவனித்துப் படிக்கும் இலக்கணம் ஆகியவற்றின் இடத்தை உரையாடல் ஆய்வு நிரப்பாது. தலைக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது; சொல்வதாகப் பாசாங்கும் செய்வதில்லை. சில பேரைப் பற்றியே பேசும் ஆய்வு என்ற குறையும் நியாயமானதே.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் பக்கம் திரும்பினால், இப்படிப்பட்ட ஆய்வுக்கு நம்மிடம் குவிந்து கிடக்கும் களம் திகைக்க வைக்கிறது. எழுத்துத் தமிழில் உரையாடல் எழுதி, அதையே பேச்சு என்று சொல்லிக்கொடுக்கும் பாடநூல்கள் இன்னும் இருக்கின்றன, ‘எங்கே செல்கிறீர்கள்?’ என்று கேட்கப் பழகியவர் தெருவில் ‘எங்க போறீங்க?’ என்பதைக் கேட்டு விழிக்கிறார். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று சொன்னது நல்ல திருப்பம். நம்மூரிலோ திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வகுப்பே இல்லாமல் தமிழ் கற்கிறார்கள். மாலையில் மளிகைக் கடைகளில் நடக்கக்கூடிய பேச்சை நினைத்துப் பாருங்கள்:

‘அண்ணா, அந்த… அது…’

‘என்னப்பா, உப்பா?’

‘ஆ, உப்பு. உப்பு ஒரு கிலோ.’

இழுத்த இழுப்பு, அலமாரியைக் காட்டிய விரல், கடைக்காரரின் ஊகம், அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவை அளவோடு சேர்த்துச் சொன்னது. ஹாட்ச் 1978இல் சொன்ன அத்தனையும் இந்த மூன்று வரிக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் அதே ஆள் ‘உப்பு ஒரு கிலோ குடுங்கண்ணா’ என்று நேராகக் கேட்பாரா, ‘குடுங்க’ எப்போது வரும், ‘அண்ணா’ யாரிடம் ‘சார்’ ஆகும் என்பதைப் பதிவு செய்தால் தமிழ் எப்படிக் கற்கப்படுகிறது என்பதற்கு நம்பகமான பதில் கிடைக்கும்.

தமிழகத்தின் மொழியியல் துறைகளிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்று. வினாத்தாள் தயாரிப்பதை விட்டுவிட்டு, பேசுபவர்களின் சம்மதத்தோடு ஒரு கடையில், ஒரு தறிக்கூடத்தில், ஒரு விடுதிச் சமையலறையில் ஆறு மாதம் ஒலிப்பதிவு செய்யுங்கள். கையில் இருக்கும் கைபேசி அதற்குப் போதும். மௌனத்தையும் விடாமல் எழுதுங்கள். ஆசிரியர்களிடம் கேட்பது இதைவிட எளிது: கேள்வி கேட்டபின் மூன்று நொடி காத்திருங்கள்.